ரசாயன ஆலைகளில் பணியாற்றுவோர் அறிய வேண்டியவை: ஆபத்துகள், பாதுகாப்பு முறைகள், சட்ட உரிமைகள்

இந்தியாவில் நிகழ்ந்த பெரும் ரசாயன ஆலை விபத்துகளைத் திரும்பிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். விபத்துக்குக் காரணமான ரசாயனத்தின் தன்மை முன்பே அறியப்பட்டதாகவே இருந்திருக்கிறது. எந்த வெப்பநிலையில் அது கொதிக்கும், எதனுடன் சேர்ந்தால் வினைபுரியும், எந்த அளவுக்கு மேல் சுவாசித்தால் உயிருக்கு ஆபத்து என்ற விவரங்கள் ஏட்டில் இருந்தன. ஆனால், அந்தத் தகவல் தொட்டிக்கு அருகே நின்ற தொழிலாளியையும், ஆலையின் சுற்றுச்சுவருக்கு அப்பால் உறங்கிய குடும்பங்களையும் உரிய நேரத்தில் சென்றடையவில்லை.

பெரும் விபத்து அபாயம் கொண்டவை என வகைப்படுத்தப்பட்ட 1,861 ஆலைகள் நாட்டின் 301 மாவட்டங்களில் உள்ளதாக தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தெரிவித்துள்ளது. இந்தப் பட்டியலில் இடம்பெறாத சாயப் பட்டறைகள், மருந்து மூலப்பொருள் ஆலைகள், கரைப்பான் கிடங்குகள், பனிக்கட்டித் தொழிற்சாலைகள் ஏராளம். அங்கு பணிபுரிவோரில் கணிசமானோர் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் ஆவர். தாங்கள் கையாளும் பொருளின் பெயர்கூடத் தெரியாமல் பணியாற்றுவோர் அவர்களில் உண்டு.

அபாயகரமான ரசாயனங்களால் ஏற்படும் பாதிப்புகள், கடந்தகால விபத்துகள் உணர்த்தும் பாடங்கள், தொழிலாளர்களுக்குச் சட்டம் வழங்கும் உரிமைகள் ஆகியவை இங்கு தொகுத்து அளிக்கப்படுகின்றன.

உடலுக்குள் நுழையும் வழிகள்

ரசாயனங்கள் பெரும்பாலும் சுவாசத்தின் வழியாகவே உடலுக்குள் செல்கின்றன. வாயு, ஆவி, புகை, நுண்தூசி ஆகிய அனைத்தும் நுரையீரலை அடைந்து, அங்கிருந்து ரத்தத்தில் கலக்கக்கூடியவை. அடுத்த வழி தோல். பீனால், அனிலின் போன்றவை தோலில் பட்ட இடத்திலேயே உடலுக்குள் ஊடுருவும். மூன்றாவது வழி வாய். கை கழுவாமல் உணவு உண்பது, பணியிடத்தில் பீடி அல்லது புகையிலை பயன்படுத்துவது ஆகியவற்றால் ஈயம் போன்ற உலோக நச்சுகள் வயிற்றுக்குள் செல்கின்றன. பணி உடையில் ஒட்டிய தூசி வீடுவரை வந்து குழந்தைகளையும் பாதிக்கலாம்.

பணியிடக் காற்றில் ஒரு ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு, தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரம்பு நிர்ணயித்தது. 8 மணி நேரப் பணிக்கான சராசரி அளவாக, அம்மோனியாவுக்கு 25 பி.பி.எம்., ஹைட்ரஜன் சல்பைடுக்கு 10 பி.பி.எம்., மெத்தில் ஐசோசயனேட்டுக்கு 0.02 பி.பி.எம். எனக் குறிப்பிடப்பட்டது. பி.பி.எம். என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கைக் குறிக்கும். அம்மோனியாவுக்கான வரம்பு மெத்தில் ஐசோசயனேட்டுக்கான வரம்பைப்போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகம். ஒரு ரசாயனத்தில் பழகியவரின் அனுபவம் மற்றொரு ரசாயனத்துக்குப் பொருந்தாது என்பதற்கு இந்த வேறுபாடே சான்று.

மூக்கை நம்ப இயலாது

வாயு கசிந்தால் நெடி தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பல ஆலைகளில் நிலவுகிறது. இது உயிருக்கு ஆபத்தான நம்பிக்கையாகும்.

கழிவுநீர்க் குழிகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் கொண்டது. சுமார் 100 பி.பி.எம். அளவை எட்டும்போது, சில நிமிடங்களில் மூக்கின் நுகரும் திறனை அது மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு விலகிவிட்டதாகத் தொழிலாளி எண்ணிக்கொண்டிருக்கும்போது, அதன் அளவு உயர்ந்துகொண்டிருக்கலாம். 

கார்பன் மோனாக்சைடுக்கும் நைட்ரஜனுக்கும் நிறமோ மணமோ கிடையாது. பாஸ்ஜீன் வாயுவைச் சுவாசித்தவருக்குத் தொடக்கத்தில் லேசான இருமல் மட்டுமே இருக்கக்கூடும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கு ஆபத்து நேரிடும். எனவே, பாஸ்ஜீன் பாதிப்புக்கு உள்ளானவர் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

போபால்: செயலிழந்திருந்த பாதுகாப்பு அமைப்புகள்

உலகின் மிக மோசமான தொழிற்சாலை விபத்து, மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கியது. யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610 எண் கொண்ட தொட்டியில் இருந்த மெத்தில் ஐசோசயனேட்டுடன் தண்ணீர் கலந்ததால் கடும் வெப்பம் உருவாகி, சுமார் 40 டன் நச்சு வாயு நகருக்குள் பரவியது. உடனடி உயிரிழப்பு 2,259 என முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் மாநில அரசு அதை 3,787 என உறுதிப்படுத்தியது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

மெத்தில் ஐசோசயனேட் சுமார் 39 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கொதிக்கும். தண்ணீருடன் கடுமையாக வினைபுரியும். இதனாலேயே அதைக் குளிர்நிலையில் வைத்திருக்கக் குளிரூட்டும் அமைப்பு நிறுவப்பட்டிருந்தது. அந்த அமைப்பு விபத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைச் செயலிழக்கச் செய்யும் அமைப்பும் அந்த அளவு கசிவைத் தாங்கும் நிலையில் இல்லை.

எச்சரிக்கைகளும் முன்பே வந்திருந்தன. 1981 டிசம்பரில் இதே ஆலையில் பாஸ்ஜீன் பாதிப்பால் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். 1982-இல் தாய் நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆய்வு செய்து பாதுகாப்புக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதே ஆண்டு உள்ளூர்ச் செய்தியாளர் ராஜ்குமார் கேஸ்வானி, ஆலையால் நகருக்கு ஏற்படக்கூடிய பேராபத்து குறித்துத் தொடர்ந்து எழுதினார். விபத்து நேரிட்ட இரவில், மருத்துவமனைகளில் குவிந்தவர்களைத் தாக்கியது எந்த வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்ற தெளிவான தகவல் மருத்துவர்களிடம் இல்லை.

விசாகப்பட்டினம்: இயங்காத ஆலையில் இயங்கிய ஆபத்து

பொதுமுடக்கக் காலத்தில், 2020 மே 7-ஆம் தேதி அதிகாலை, விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் இருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி அருகிலுள்ள குடியிருப்புகளைச் சூழ்ந்தது. இதில் 12 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

ஆலை அப்போது உற்பத்தியில் ஈடுபடவில்லை. ஆனால், தொட்டியில் ஸ்டைரீன் இருந்தது. இந்தத் திரவம் தானாகவே பாலிமராக மாறும் இயல்புடையது. அந்த மாற்றத்தின்போது வெப்பம் வெளிப்படும். வெப்பம் மாற்றத்தை மேலும் விரைவுபடுத்தும். இதைத் தடுக்கக் குளிர்ச்சியும், வினைத்தடுப்பான் எனப்படும் ரசாயனமும் தொடர்ந்து தேவை. ஆந்திரப் பிரதேச அரசு அமைத்த உயர்நிலைக் குழு, தொட்டியின் வடிவமைப்பு, குளிரூட்டல், வினைத்தடுப்பான் அளவு ஆகியவற்றில் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது. வெப்பநிலை தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே அளக்கப்பட்டதால் மேற்பகுதி சூடானது தெரியவரவில்லை. ஆலையில் அபாயச் சங்குகள் இருந்தும் அவை ஒலிக்கப்படவில்லை.

உற்பத்தி நடக்கும் நேரத்தைவிட, ஆலையை நிறுத்துவது, மீண்டும் தொடங்குவது, குழாய்களைக் கழற்றுவது, தொட்டிகளைச் சுத்தம் செய்வது போன்ற நேரங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பதை போபால், விசாகப்பட்டினம் ஆகிய இரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன. பராமரிப்புப் பணிகளுக்கு வெளியிலிருந்து அழைத்துவரப்படும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஆலையைப் பற்றிய அறிமுகம் மிகக் குறைவாகவே இருக்கும்.

தீயும் வெடிவிபத்தும்

மருந்து ஆலைகளில் பயன்படும் டொலுவீன், மெத்தனால், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் எளிதில் ஆவியாகின்றன. அந்த ஆவி காற்றைவிட கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று, தொலைவில் உள்ள மின்பொறியைத் தொட்டாலும் தீப்பற்றும். ஒரு கலனிலிருந்து மற்றொரு கலனுக்கு ஊற்றும்போது உருவாகும் நிலைமின்னேற்றமே போதுமானது. கலன்களைப் புவித்தொடர்புக் கம்பியால் இணைக்காமல் இந்தப் பணியைச் செய்யக் கூடாது.

ஆந்திரத்தின் அனகாபள்ளி மாவட்டம் அச்சுதாபுரம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள மருந்து ஆலையில் 2024 ஆகஸ்ட் 21-ஆம் தேதி நிகழ்ந்த வெடிவிபத்தில் 17 பேர் உயிரிழந்தனர். கசிந்த கரைப்பானின் ஆவி தீப்பற்றியதே காரணம் என அதிகாரிகள் அப்போது தெரிவித்தனர்.

தெலங்கானாவின் பாஷமைலாரம் தொழிற்பேட்டையில் 2025 ஜூன் 30-ஆம் தேதி நேரிட்ட வெடிவிபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் வெளிமாநிலத் தொழிலாளர்கள். மாத்திரை தயாரிப்பில் பயன்படும் நுண்படிக செல்லுலோஸ் அங்கு உற்பத்தி செய்யப்பட்டது. செல்லுலோஸ், சர்க்கரை, மாவு, அலுமினியம் போன்றவை நுண்துகள்களாகக் காற்றில் பரவினால் வெடிக்கும் தன்மை கொண்டவை. நச்சற்ற பொருள் என்பதால் ஆபத்தும் இல்லை எனக் கருதிவிடக் கூடாது.

காப்பாற்றச் சென்றவரும் உயிரிழக்கும் இடங்கள்

தொட்டி, கழிவுநீர்க் குழி, ஆழ்குழாய், வினைகலன் போன்ற மூடிய இடங்களில் நிகழும் உயிரிழப்புகளில் ஒரு வழக்கம் தொடர்கிறது. முதலில் இறங்கியவர் மயங்குகிறார். அவரைத் தூக்கச் சென்ற இரண்டாமவரும் மூன்றாமவரும் அங்கேயே விழுகின்றனர்.

இயல்பான காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம் உள்ளது. தீ விபத்தைத் தடுப்பதற்காகத் தொட்டிகளில் நைட்ரஜன் நிரப்பப்படும்போது இந்த அளவு வெகுவாகக் குறைகிறது. அத்தகைய தொட்டிக்குள் தலையை நீட்டி ஓரிரு முறை சுவாசித்தாலே நினைவிழக்க நேரிடும். மூச்சுத்திணறல் போன்ற முன்னறிகுறி எதுவும் தெரியாது.

2022 ஜனவரி 6-ஆம் தேதி சூரத் சச்சின் தொழிற்பேட்டையில், டேங்கர் லாரியில் இருந்து ரசாயனக் கழிவு வடிகாலில் கொட்டப்பட்டபோது வெளியான நச்சு வாயுவால் 6 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2023 ஏப்ரல் 30-ஆம் தேதி லூதியானாவின் கியாஸ்புரா பகுதியில் நேரிட்ட வாயுக் கசிவில் 11 பேர் உயிரிழந்தனர். சாக்கடையில் உருவான ஹைட்ரஜன் சல்பைடு காரணமாகக் கூறப்பட்டது.

மூடிய இடத்துக்குள் இறங்கும் முன் காற்றைக் கருவியால் சோதிப்பது, தகுதியுள்ளவரின் எழுத்துப்பூர்வ அனுமதி பெறுவது, உடலில் மீட்புப் பட்டையும் கயிறும் கட்டுவது, வெளியே ஒருவரைக் காவல் நிறுத்துவது ஆகியவை அடிப்படை விதிகள். உள்ளே ஒருவர் மயங்கினால், சுவாசக் கருவி இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது.

ஆண்டுகள் கடந்து வெளிப்படும் நோய்கள்

விபத்துகள் தலைப்புச் செய்தியாகின்றன. நாள்தோறும் சிறிய அளவில் உடலில் சேரும் ரசாயனம் செய்தியாவதில்லை. பென்சீன் ரத்தப் புற்றுநோயையும், முலாம் பூசும் பட்டறைகளில் வெளிப்படும் ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியவை. குரோமியம், மூக்கின் நடுத்தண்டில் துளையையும் ஏற்படுத்தும். பேட்டரி ஆலைகளில் ஈயம் நரம்புகளையும் ரத்தத்தையும் பாதிக்கிறது.

தமிழகத்தின் கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானி ஆலையில் பாதரசப் பாதிப்புக்கு ஆளானதாகக் கூறிய தொழிலாளர்களின் போராட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. அந்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்துக்கும் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் இடையே உடன்பாடு எட்டப்பட்டது 2016-இல்தான். இடையே 15 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இத்தகைய வழக்குகளில் தொழிலாளிக்குப் பெரும் தடையாக அமைவது சான்று இல்லாமையே. பணியில் சேர்ந்தபோது உடல்நிலை எவ்வாறு இருந்தது, எந்த ரசாயனத்தை எத்தனை ஆண்டுகள் கையாண்டார் என்பதற்கு ஆவணம் இல்லையெனில் நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை நிறுவுவது கடினம். நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களைப் பாதுகாத்து வைப்பது அவசியம்.

முகக்கவசம் கடைசி அரண் மட்டுமே

பாதுகாப்பு என்றதும் முகக்கவசமும் கையுறையும் நினைவுக்கு வருகின்றன. பாதுகாப்பு அறிவியலில் இவற்றுக்குக் கடைசி இடமே அளிக்கப்படுகிறது. ஆபத்தான பொருளையே தவிர்ப்பது முதல் படி. இயலாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாறலாம். குடிநீர்ச் சுத்திகரிப்பில் குளோரின் வாயுவுக்குப் பதிலாக சோடியம் ஹைப்போகுளோரைட் பயன்படுத்துவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அடுத்து, மூடிய குழாய் அமைப்பு, காற்று உறிஞ்சும் கருவி, வாயு உணர்கருவி போன்ற பொறியியல் ஏற்பாடுகள். அதன் பின்னர் பயிற்சியும் பணி விதிகளும். இறுதியாகவே பாதுகாப்பு உடை.

தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. வடிகட்டி பொருத்திய முகமூடியிலும், ரசாயனத்துக்கு ஏற்ற வடிகட்டி இருந்தால்தான் பயன் உண்டு. ஆக்சிஜன் குறைவான இடத்தில் எந்த வடிகட்டியும் உதவாது. அங்கு காற்று உருளையுடன் கூடிய சுவாசக் கருவியே தேவை. மெல்லிய ரப்பர் கையுறைகளைப் பல கரைப்பான்கள் நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

சட்டம் வழங்கும் உரிமைகள்

போபால் பேரழிவுக்குப் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ஆம் ஆண்டு திருத்தம் மூலம் அபாயகரமான செயல்முறைகளுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன் முக்கிய அம்சங்கள்:

* பணியில் உள்ள ஆபத்துகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும், உள்ளாட்சி அமைப்புக்கும், சுற்றுவட்டார மக்களுக்கும் நிர்வாகம் தெரிவிக்க வேண்டும்.

* பணியில் சேர்க்கும் முன்பும், பணிக்காலத்தில் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், பணியிலிருந்து விலகிய பிறகும் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். தொழிலாளி தமது மருத்துவப் பதிவைக் கேட்டுப் பெறலாம்.

* உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதும் தொழிலாளி அதை நிர்வாகத்தின் கவனத்துக்கும், அதே வேளையில் தொழிற்சாலை ஆய்வாளரின் கவனத்துக்கும் கொண்டுசெல்லலாம்.

* இந்த விதிகளை மீறினால் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கப்பட்டது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் தொழிற்சாலைகள் சட்டம் இணைக்கப்பட்டுள்ளது. தகவல் வெளியிடுதல், மருத்துவப் பதிவு, உடனடி ஆபத்து குறித்து எச்சரிக்கும் உரிமை ஆகியவை இதிலும் தொடர்கின்றன. மின்சாரம் பயன்படுத்தும் இடம் தொழிற்சாலையாகக் கருதப்படுவதற்கான தொழிலாளர் எண்ணிக்கை 10-இல் இருந்து 20-ஆக உயர்த்தப்பட்டுள்ளது. இதனால் சிறு ஆலைகளின் தொழிலாளர்கள் பாதுகாப்பை இழப்பார்கள் எனத் தொழிற்சங்கங்கள் விமர்சித்துள்ளன. அபாயகரமான பணி நடைபெறும் இடங்களுக்கு, எண்ணிக்கை வரம்பைக் கருதாமல் சட்டத்தை விரிவுபடுத்தும் அதிகாரம் அரசுக்கு அளிக்கப்பட்டுள்ளது.

இழப்பீட்டைப் பொருத்தவரை உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று முக்கியமானது. 1985 டிசம்பரில் தில்லி ஸ்ரீராம் ஆலையில் இருந்து ஓலியம் கசிந்த வழக்கில், அபாயகரமான தொழிலை நடத்தும் நிறுவனம், தன் தரப்பில் அலட்சியம் இல்லை என வாதிட்டுப் பொறுப்பிலிருந்து விலக முடியாது என நீதிமன்றம் அறிவித்தது. முழுமையான பொறுப்பு என்னும் இந்தக் கோட்பாடு இன்றும் நடைமுறையில் உள்ளது.

வாயு கசிந்தால் செய்ய வேண்டியவை

காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர்ந்து வாயு பரவும் பாதையிலிருந்து விலக வேண்டும். குளோரின் வாயு காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனமானது. எனவே, பள்ளமான இடங்களையும் அடித்தளங்களையும் தவிர்த்து மேடான பகுதிக்குச் செல்ல வேண்டும். அம்மோனியா காற்றைவிட லேசானது என்றாலும், குளிர்ந்த திரவ நிலையிலிருந்து கசியும்போது பனிமூட்டம் போலத் தரையோடு பரவக்கூடும். 2023 டிசம்பர் இறுதியில் சென்னை எண்ணூர் அருகே கடலடிக் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்தபோது, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேரிட்டது.

கண்ணிலோ தோலிலோ ரசாயனம் பட்டால், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். ரசாயனம் படிந்த உடைகளை உடனே அகற்ற வேண்டும். அமிலம் அல்லது காரம் விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. மருத்துவமனைக்குச் செல்லும்போது ரசாயனத்தின் பெயரை எழுதி எடுத்துச் செல்வது சிகிச்சைக்குப் பெரிதும் உதவும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

பணியைத் தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு. முதலுதவி, தீயணைப்பு, சேமிப்பு முறை, பாதுகாப்பு உடை ஆகிய விவரங்கள் அதில் இடம்பெற்றிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு அலுவலகக் கோப்பில் இருக்கும் அந்தத் தாளை, தமக்குப் புரியும் மொழியில் விளக்குமாறு தொழிலாளர்கள் கேட்க வேண்டும். கலன்களில் சிவப்புக் கட்டத்துக்குள் மண்டையோடு இருந்தால் கடும் நச்சையும், சுவாலை இருந்தால் எளிதில் தீப்பற்றும் தன்மையையும், மனித மார்பில் நட்சத்திர வடிவம் இருந்தால் புற்றுநோய் போன்ற நீண்டகாலப் பாதிப்பையும் குறிக்கும்.

நிரந்தரப் பணியாளரோ ஒரு நாள் ஒப்பந்தத்தில் வந்தவரோ, பணியைத் தொடங்கும் முன் ஐந்து கேள்விகளுக்கு விடை அறிந்திருக்க வேண்டும். இந்தக் குழாயில் அல்லது தொட்டியில் இருக்கும் பொருள் எது? அது எதனுடன் சேரக் கூடாது? இதற்கு ஏற்ற பாதுகாப்புக் கருவி எது? அபாயச் சங்கு ஒலித்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும்? அருகில் கண் கழுவும் குழாய் எங்கே உள்ளது? இவற்றுக்கு விடை அளிக்கும் பொறுப்பு நிர்வாகத்தைச் சார்ந்தது. விடை கிடைக்கும் வரை வால்வைத் திறக்காமல் காத்திருப்பதே பாதுகாப்பானது.